பார்ட்டியா, பரதேசியா?

எங்கள் தொழிலில் மனிதர்கள் இரண்டே வகைதான். ஒன்று பார்ட்டி, இன்னொன்று பரதேசி. பெட்டி படுக்கையோடு, பெண்டாட்டி பிள்ளைகளோடு, இல்லாவிட்டால் நாலு சினேகிதர்களோடு வந்து இறங்குகிறவர் பார்ட்டி. தனியாக வந்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறவர் பரதேசி. வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டதும் என் முதலாளி பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "இன்னா, பார்ட்டியா பரதேசியா?" என்று கேட்பார். நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லில் வந்தவருக்குக் கட்டில் உண்டா இல்லையா என்பது முடிவாகிவிடும்.

திருவண்ணாமலையில், கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு சின்ன லாட்ஜில் நான் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். லாட்ஜை விற்றார்கள், நான் வெளியே வந்தேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்து பார்க்க ஆசை வந்தது. இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி, மேசையில் கம்ப்யூட்டர். முதுகில் பெரிய பையோடு ஒரு பெண் என்னைத் தாண்டி உள்ளே போனாள். இருபத்தைந்து வயது இருக்கும். போட்டிருந்த பனியனில் தமிழிலேயே 'நாடோடி' என்று அச்சடித்திருந்தது. செல்போனை நீட்டினாள், ஆதார் அட்டையைக் காட்டினாள், சாவிக்குப் பதிலாக ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். வேறு ஒரு கேள்வியும் இல்லை.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "தனியாவாம்மா வந்த?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமா அங்கிள். எப்பவும் சோலோதான்."

"பனியன்ல போட்டிருக்கே..."

"இதுவா? எங்க குரூப் பேரு அங்கிள். லீவு கிடைச்சா கெளம்பிடுவோம். ஊருக்கு ஊரு போய்க்கிட்டே இருக்கணும். அதான் கெத்து."

"சொந்த ஊரு?"

"கோயமுத்தூர். அப்பா அம்மா அங்கதான் இருக்காங்க." சிரித்துவிட்டு மாடிப்படி ஏறிப் போனாள். அவளுக்கு ரூம் கிடைத்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அதே படிக்கட்டுக்குக் கீழே இன்னொரு பெண் ரூம் கேட்டு நின்றது ஞாபகம் வந்தது. நான் இப்போது குடியிருக்கும் வேங்கிக்காலுக்குத் திரும்புகிற பஸ்ஸில் முழுக்க அதே நினைப்பு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

பரதேசி என்றால் வேறு தேசத்துக்காரன் என்று மட்டும்தான் அர்த்தம். வேறு எங்கிருந்தோ வந்தவன், இங்கே அவனுக்கு யாரும் இல்லை, அவ்வளவே. அதில் திட்டு எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. கிரிவலப் பாதையில் அன்னதானம் போட வருகிறவர், காவி கட்டி உட்கார்ந்திருப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, "நாலு பரதேசிங்களுக்குச் சோறு போட்டா நம்ம புள்ளைங்க நல்லா இருக்கும்" என்பார். அதே மனிதர் சாயங்காலம் தன் பைக்குக் குறுக்கே வந்தவனை அதே சொல்லால் கடித்துக் குதறுவார். நேரத்துக்குச் சாப்பிட வராத பிள்ளையை அம்மா பரதேசி என்று திட்டினால் அதில் பாசம் ஜாஸ்தி, கோபம் கம்மி. நாடோடி என்ற சொல்லில் கொஞ்சம் ஆட்டம் பாட்டம் இருக்கிறது. தேசாந்திரி என்று படித்தவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பரதேசியை மட்டும் யாரும் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை, அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊர் ஊராகத் திரியும் ஆணையாவது நல்ல நாளில் சாமி என்று கூப்பிடுவார்கள். பெண்ணுக்கு வேறு சொற்கள் வைத்திருந்தார்கள். அவற்றை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

எனக்குச் சொந்த ஊர் போளூர் பக்கம் ஒரு கிராமம். அம்மா போன பிறகு அங்கே எனக்கு யாரும் இல்லை. லாட்ஜில் ரூம் துடைக்கிற வேலையில் சேர்ந்து, சில வருடங்களில் மேசைக்கு வந்தேன். படுக்கை மாடிப்படிக்கு அடியில். ஆரம்பத்தில் தினமும் தலையை இடித்துக்கொள்வேன், போகப் போகத் தூக்கக் கலக்கத்திலும் குனிந்தே எழுந்திருக்கப் பழகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடங்களில் மாப்பிள்ளைக்கு லாட்ஜில் வேலை என்றதும், காபி வருவதற்கு முன்பே பேச்சு ஆறிவிடும். லாட்ஜ் என்றால் ஜனங்கள் மனதில் என்ன ஓடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச காலத்தில் நானும் போவதை நிறுத்திவிட்டேன். ஆகவே, வருகிற தனி ஆட்களையெல்லாம் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பும் வேலையை, தனி ஆளான நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் லாட்ஜில் நானே போய் ரூம் கேட்டிருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது.

தனி ஆளுக்கு ரூம் இல்லை என்பது எங்கள் லாட்ஜில் மட்டும் இருந்த வழக்கமல்ல. ஆனால் எங்கள் முதலாளி ஏகாம்பரத்துக்கு அதற்குச் சொந்தக் காரணம் இருந்தது. நான் வருவதற்கு முன்னால், தனியாக வந்த ஒருவர் மாடியில் கடைசி அறையான பதினொன்றாம் நம்பரில் தங்கி, மறுநாள் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் கதவை உடைத்தார்கள். உயிர் போயிருந்தது. போலீஸ் வந்தது, விசாரணை நடந்தது, அதெல்லாம் முடிந்தும் போனது. முதலாளிக்கு மட்டும் அந்தக் கதவைத் தட்டியது முடியவே இல்லை. "கை வலிக்கத் தட்டுனேன்டா" என்பார், சம்பந்தமே இல்லாத பேச்சுக்கு நடுவில். அன்று முதல் பதினொன்று பூட்டியே கிடந்தது.

அவருக்கு ஒருவரைப் பார்த்து முகத்தில் அடித்தாற்போல் 'இல்லை' என்று சொல்ல வராது. கோயில் ஊரில் உட்கார்ந்துகொண்டு வந்தவரை விரட்டுவதா என்று ஒரு பயம். அதனால் ஒரு நாடகம் வைத்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு வாளி இருக்கும். அதில் சுண்ணாம்பு, மேலே வெள்ளையடிக்கிற மட்டை. பக்கத்துப் படியில் நாலு சொட்டு சுண்ணாம்பு. அந்தச் சொட்டுகள் அழிந்துவிட்டால் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து மறுபடி தெளித்து வைப்பது என் பொறுப்பு.

தனி ஆள் வந்ததும் முதலாளி மூன்று கேள்வி கேட்பார். எந்த ஊரு? இன்னா வேலையா வந்தீங்க? கூட யாரு? குரலில் தேன் ஒழுகும். மூன்றுக்கும் சரியான பதில் வரவில்லை என்றால், "எல்லா ரூமும் சாயங்காலம் வர்ற பார்ட்டிக்குக் குடுத்தாச்சுங்க. ஒண்ணே ஒண்ணுதான் கீது" என்று சொல்லி என் பக்கம் திரும்புவார். நான் கேட்க வேண்டும்: "பதினொண்ணு காஞ்சிடுச்சா முதலாளி?" அவர் சுவரின் ஈரம் போகவில்லை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கி, "இன்னும் ஓதமா கீதுப்பா" என்பார். வந்தவர் கண் தானாக வாளிக்குப் போகும். சரிங்க என்று போய்விடுவார். யாருக்கும் மனவருத்தம் இல்லை. எத்தனையோ பேரை இப்படி அனுப்பியிருக்கிறோம். ஒருவரும் அந்த வாளியைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

ஐப்பசி மாதம். பௌர்ணமிக் கூட்டம் போய் ஊர் காலியாகிவிட்டிருந்தது. சாவிகள் எல்லாம் பலகையில் வரிசையாகத் தொங்கின. காலையெல்லாம் பெய்த மழை மத்தியானம் கொஞ்சம் விட்டிருந்தது. ஒரு பெண் நடந்து வந்தார். என்னை விட நாலைந்து வயது கூட இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கையில் சுருட்டிய பாய். செருப்பை வாசலிலேயே விட்டு, சேலையின் ஈரத்தைப் பிழிந்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஒரு ரூம் வேணுங்க. ஒரு நாளைக்கு."

முதலாளி பேப்பரை மடித்தார். "எந்த ஊரும்மா?"

"எந்த ஊருனு சொல்றதுங்க. பரதேசிங்க நான்."

தச்சர், கொத்தனார் என்று தொழிலைச் சொல்வதுபோல அவர் அதைச் சொன்னார். கூச்சம் இல்லை, வீறாப்பும் இல்லை. நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்துப் பேசிய சொல்லை அவரே முன்னால் கொண்டுவந்து வைத்ததும் முதலாளிக்கு அடுத்த கேள்வி மறந்துவிட்டது. கொஞ்சம் தடுமாறி, நேராக மூன்றாவதுக்குத் தாவினார். "கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"கூட யாராவது இருந்தா ரூம் எதுக்குங்க? மண்டபத்துலதான் படுத்துகினு இருந்தேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து நிக்கறாங்க. நாலு நாளா கண்ண மூடல. உள்ள தாப்பா போட்டுகினு ஒரு ராத்திரி தூங்கணும். காசு குடுத்துடறேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். முதலாளி என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நான் என் வசனத்தைச் சொன்னேன். "பதினொண்ணு காஞ்சிடுச்சா முதலாளி?"

"இன்னும் ஓதமா கீதுப்பா. வெள்ளை அடிச்சிகினு இருக்கோம்மா. தீபம் வருதில்ல."

அந்தப் பெண் வாளியைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் கிட்டப் போய்க் குனிந்து மட்டையை எடுத்தார். மட்டையோடு சேர்ந்து மொத்தச் சுண்ணாம்பும் ஒரே கட்டியாக மேலே வந்தது. அதை ஒரு நிமிடம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"கல்லா கெடக்குதுங்களே. இத வெச்சிகினு யாரு அடிக்கறது?" கோபமே இல்லாமல் கேட்டார். மெதுவாக அதைத் திரும்ப இறக்கி வைத்தார். "புதுச் சுண்ணாம்பு வாங்கிக் குடுங்க. நான் அடிக்கறேன். எனக்குத் தெரிஞ்ச வேலைதான். கூலி வேணாம். ராத்திரிக்கு அந்த ரூமே போதும்."

வெள்ளை அடிக்கிறோம் என்று சொல்லியாகிவிட்டது. அடிக்கிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிறார். உண்மையில் லாட்ஜ் சுண்ணாம்பைக் கண்டு இரண்டு தீபம் கடந்திருந்தது, முதலாளிக்குச் செலவு செய்யக் கை வராது. நான் வாயைத் திறந்தேன். "தீபத்துக்கு எப்படியும் அடிக்கணுமே முதலாளி." நாடகத்தில் எனக்கு இல்லாத வசனம் அது. அவர் என்னை முறைத்தார். கூரை மூலையில் தொங்கிய ஒட்டடையைப் பார்த்தார். பிறகு பூட்டியே கிடந்த பதினொன்றின் சாவியை மேசை டிராயருக்குள்ளிருந்து எடுத்து வைத்தார். வேலைக்கு வந்த ஆளுக்கு ரெஜிஸ்டர் தேவையில்லை, அதனால் ஊர்ப் பெயர் எழுதுகிற பிரச்சினையும் வரவில்லை. பெயரை மட்டும் நான் கேட்டேன். சொர்ணம் என்றார்.

மாடியில் கதவைத் திறந்துவிடும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த அறையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "வேற ரூம் வேணும்னா பேசிப் பாக்கறேங்க" என்றேன்.

அவர் உள்ளே போய்த் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறந்து பார்த்தார். "நல்லா விழுதுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "செத்தவரு வந்து கதவ தட்டமாட்டாருங்க. உசுரோட இருக்கறவங்கதான் தட்டுவாங்க" என்றார்.

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை நான் டீ வாங்கி வைத்தேன். கதவு திறக்கவில்லை. டீ ஆறியது. கோயிலில் உச்சிக்கால மணி அடிக்கிற நேரம் நெருங்கியது, அப்போதும் திறக்கவில்லை. முதலாளி முதலில் கீழேயே உலாவினார், பிறகு பாதிப் படி ஏறி நின்றார், பிறகு பதினொன்றின் வாசலுக்கே வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தட்டுடா."

"தூங்கறாங்க முதலாளி."

"அவனும் தூங்கறான்னுதான்டா நான் வுட்டேன்." அவரே கையை ஓங்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சம்பளம் கொடுக்கிறவர் கையை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உள்ளே ஏதாவது ஆகியிருந்தால் லாட்ஜும் போச்சு, என் வேலையும் போச்சு, படிக்கு அடியில் இருந்த என் இடமும் போச்சு. ஆனால் நாலு நாள் தூங்காதவர் கேட்டது ஒரே ஒரு ராத்திரி. அதை நாங்களே தட்டிக் கலைத்தால் மண்டபத்தில் வந்து நின்றவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? முதலாளியும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே பாய் சுருட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருக்க, சொர்ணம் வெளியே வந்தார். கையைக் கோத்துக்கொண்டு நின்ற எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தூங்கிட்டேங்க" என்றார். வெளியே வெயில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஆச்சரியமாக, "இவ்ளோ நேரமா? ஒருத்தரும் தட்டலிங்களே" என்றார்.

முதலாளி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "மசமசனு நிக்கறியே, அந்தம்மாவுக்கு நாலு இட்லி வாங்கியாடா" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

ஒரு ராத்திரி என்று வந்தவர், லாட்ஜ் முழுவதையும் அடித்து முடிக்கும்வரை இருந்தார். பின்கட்டில் கல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார். அது புகைந்து கொதிக்கும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். ஆறியதும் துணியில் வடிகட்டி, துளி நீலம் கலந்து, முதலில் உள்ளங்கையில் தடவிப் பார்ப்பார். சுவரை நன்றாக நனைத்த பிறகுதான் முதல் பூச்சு. மேலிருந்து கீழே ஒரு தடவை, காய்ந்ததும் குறுக்கே ஒரு தடவை. மழை நாள் என்பதால் காய்வதற்கு நேரம் எடுக்கும். காயும்வரை ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பார். நான் டீயோடு போய் நிற்பேன். மேசையில் ஆள் இல்லையே என்று முதலாளி கீழேயிருந்து கத்துவார், பிறகு கத்துவதையும் விட்டுவிட்டார். எல்லாரையும் போல அவரை அக்கா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. வாங்க, போங்க என்றே ஓட்டினேன்.

அப்படித்தான் அவர் ஊர் ஊராகப் போகிற விதத்தைத் தெரிந்துகொண்டேன். எந்தக் கோயில் ஊரில் திருவிழா வருகிறதோ, அதற்கு ஒரு மாதம் முன்னால் அங்கே போவார். சத்திரம், மடம், வீடு என்று வெள்ளையடிக்கிற வேலை கிடைக்கும். "எல்லாரும் திருவிழாவுக்குப் போவாங்க. நான் அதுக்கு முன்னாடி போவேன். கூட்டம் வர்றதுக்குள்ள கெளம்பிடுவேன்" என்றார். இத்தனை வருடத்தில் ஒரு திருவிழாவும் பார்த்ததில்லையாம்.

தீபத்துக்குக் கொடி ஏறும் நாள் நெருங்கியது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்தான் பாக்கி. சாயங்காலம் டீயோடு மேலே போனேன். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது.

"கெளம்பணும்ங்க. அடுத்தது சிதம்பரம்."

"தீபம் பாத்துட்டுப் போகலாமில்ல?"

"ஏத்தறதுக்கு முன்னாடி மலைய நான் பாக்கறேனே. அது போதும்."

அதற்கு மேல் அடக்கி வைக்க என்னால் முடியவில்லை. "இங்கியே இருந்துடுங்களேன். முதலாளிகிட்ட நான் பேசறேன், வேண்டாம்னு சொல்லமாட்டாரு. எனக்கும் யாரும் இல்லிங்க" என்றேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். "மேனேஜர் சார், நீங்க நல்லவரு. அதனால நேரா சொல்லிடறேன். நான் ஒருத்தருக்கு ஆளா இருந்து பாத்தேன். அப்புறம் புள்ளைக்கு ஆளா இருந்து பாத்தேன். ரெண்டு ஊட்டுலயும் எனக்குன்னு ஒரு தாப்பா கெடையாது. எந்நேரமும் யாராவது தட்டிகினே இருப்பாங்க. இப்ப மண்டபத்துல படுக்கறது கஷ்டந்தான், இல்லனு சொல்லல. ஆனா கெளம்பணும்னு தோணுனா கெளம்பிடறேன். அத வுட மனசில்ல." தம்ளரை என்னிடம் நீட்டினார். "உங்களுக்கு ஒரு ஆளு வேணும். அதுல தப்பே இல்ல. நான் அந்த ஆளு இல்லிங்க."

தம்ளரை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். படிக்கு அடியில் போய் உட்கார்ந்து அழுதேன். நாற்பது வயது ஆம்பளை, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

காலையில் அவர் என்னைப் பதினொன்றுக்குக் கூப்பிட்டார். தோளில் பை, கையில் பாய். அறை பளிச்சென்று இருந்தது. கதவுக்குப் பின்னால் வருகிற சுவர் மட்டும் பழுப்பாக, அழுக்காக அப்படியே கிடந்தது. சுண்ணாம்பு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இது இருக்கட்டும்" என்றார். "என்னப்போல இன்னொருத்தி வருவா. மொதலாளி வெள்ளை அடிக்கறோம்பாரு. அப்ப அடிக்கறதுக்கு ஒரு செவரு இருக்கணும்ல."

வாளியைக் கழுவிப் படிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் போனார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே முதலாளி மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டார். "இன்னாடா இது, ஒரு செவர அப்படியே வுட்டுட்டுப் போயிருக்கு?"

"ஓதமா கீதுங்க முதலாளி. காயட்டும்னு வுட்டிருக்காங்க."

இத்தனை காலம் நாங்கள் இருவரும் சேர்ந்து ஊரை ஏமாற்றிய சொல். அதை அவரிடமே நான் திருப்பிச் சொன்னேன். என்னை நீண்ட நேரம் பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார், அது சுக்காகக் காய்ந்திருந்தது. "சரி, காயட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகும் வாசலில் ஆட்டோ நின்றால் அவர் அதே கேள்வியைத்தான் கேட்டார். நான் பரதேசி என்று சொன்னால் பேப்பரை இறக்கி ஆளை ஒரு தடவை பார்ப்பார். "பதினொண்ணு குடு. காலைல தட்டாத" என்பார். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் இன்டர்வியூவுக்குத் தனியாக வந்த ஒரு பெண், பென்ஷன் வாங்கிய கையோடு மகனிடம் சொல்லாமல் கிளம்பி வந்த ஒரு வாத்தியார், இன்னும் எத்தனையோ பேர் அங்கே தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினார்கள். யாரிடமும் நான் மட்டையைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்தச் சுவர் முடிந்துவிடும். ஒவ்வொரு தீபத்துக்கும் முன்னால் முதலாளி பெயிண்டரை வைத்துக்கொண்டே கேட்பார்: "பதினொண்ணு காஞ்சுதாடா?" "இல்ல முதலாளி." "அப்ப வுடு."

ஒவ்வொரு ஐப்பசியிலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொர்ணம் வரவில்லை. ரெஜிஸ்டரில் அவர் பெயர் இல்லை, போட்டோ இல்லை, விசாரிக்க ஓர் ஊர் இல்லை. அவர் வந்து போனதற்கு லாட்ஜில் சாட்சி, அவர் அடிக்காமல் விட்ட அந்தச் சுவர்தான். முதலாளி காலமானார், மகன் லாட்ஜை விற்றார், புதிதாக வந்தவர்கள் எல்லாச் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். எனக்கு அது தெரியும். அதனால்தான் போன மாதம் அந்தப் பெண் மாடி ஏறியபோது நான் பின்னாலேயே போய்ப் பார்க்கவில்லை.

படிக்கு அடியிலிருந்து கிளம்பி வீடு தேடியபோது மூன்று கேள்விகளும் என்னைத் தேடி வந்தன. வேங்கிக்காலில் இந்த வீட்டுக்காரர் தனகோட்டி, சாவியைக் கையிலேயே உருட்டிக்கொண்டு கேட்டார். "ஊரு?" "போளூர் பக்கம்." "அங்க யாரு இருக்காங்க?" "யாரும் இல்லிங்க." "இங்க கூட யாரு?" தனி ஆளுக்கு எப்படி வீடு கொடுப்பது என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அந்த முகத்தை நான் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தவன். "நான் ஒரு பரதேசிங்க" என்றேன். சொல்லிப் பார்த்தபோது அது அப்படியொன்றும் கனமாக இல்லை. அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். சிரித்த கையோடு சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஒரு கூடம், சமையல் கட்டு, உள்ளே ஒரு சின்ன அறை. எனக்குக் கூடமே போதும். சின்ன அறையில், யாராவது வந்தால் படுக்க, ஒரு பாய் மட்டும் கிடக்கிறது. தீபத்துக்கு வெள்ளையடிக்க இந்த வாரம் பெயிண்டர் வந்தபோது, அந்த அறையில் கதவுக்குப் பின்னால் வருகிற சுவரை விட்டுவிடச் சொன்னேன். தனகோட்டி வந்து கையை வைத்துப் பார்த்தார்.

"நல்லா காஞ்சிதானே சார் கீது?"

"இல்லிங்க. இன்னும் ஓதம்."

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த வருசம் பாத்துக்கலாம் என்று பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது. நேற்று ஒரு தச்சரை வரவழைத்துப் போட்டுவிட்டேன். "நீங்க ஒரே ஆளு. உள் ரூமுக்குள்ள தாப்பா எதுக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே வேலை செய்தார். ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னேன்.